மடக்க, விரிக்க, நகர்த்த: நிரலாளருக்கு எந்த அவுட்லைனர்?

துணிக்கடை ஒன்றின் பில்லிங் மென்பொருளில் ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறுதல்’ என்றொரு வசதியைச் சேர்க்க வேண்டும். கேட்டவுடன், ஒரு பட்டன் வைத்தால் முடிந்துவிடும் வேலையாகத் தெரியும். நிரலாளர் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கியதும் கேள்விகள் முளைக்கும். பழைய பில்லை எதை வைத்துத் தேடுவது? பில்லே தொலைந்துபோயிருந்தால் என்ன செய்வது? ஜிஎஸ்டி போட்ட பில் என்றால் கிரெடிட் நோட்டு கொடுக்க வேண்டும், அதற்குத் தொடர் எண் வேண்டும். பணத்தை ரொக்கமாகத் தருவதா, வந்த வழியிலேயே யுபிஐயில் அனுப்புவதா? திரும்பி வந்த சட்டை இருப்பில் சேருமா, கறைபட்டது என்று ஒதுக்கப்படுமா?

இவற்றுக்கு நடுவில் தள்ளுபடி வந்து நிற்கும். 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 600 ரூபாய் குறைப்பு என்று கடை அறிவித்திருக்கிறது. ஒருவர் 1,200 ரூபாய்ப் புடவை, 700 ரூபாய்ச் சட்டை, 150 ரூபாய்க் கைக்குட்டைப் பெட்டி ஆகிய மூன்றையும் வாங்குகிறார். மறுநாள் கைக்குட்டையை மட்டும் திருப்பித் தருகிறார். 600 ரூபாயை மூன்றாகச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் குறைப்பு. 150 ரூபாய்க் கைக்குட்டைக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை மைனஸ் 50 ஆகிவிடும். விலை விகிதப்படி பிரித்தால் கைக்குட்டையின் பங்கு சுமார் 44 ரூபாய்; கணக்கு சரியாக வருகிறது. அப்பாடா என்று நிமிரும்போது இன்னொரு கேள்வி எழுகிறது. கைக்குட்டை போனதும் பில் 1,900 ரூபாய்க்கு இறங்கிவிட்டதே, தள்ளுபடியே இனிச் செல்லுமா?

கடைசியில் வந்த இந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை வேண்டும். தள்ளுபடியைப் பங்கிடுவது பற்றி அதுவரை எழுதிய அத்தனை வரிகளையும் ஒரே பிடியில் தூக்கி இதற்குக் கீழே வைக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் என்றால் அடித்துத் திருத்தி அம்புக்குறி போட்டு அல்லாட வேண்டியதுதான். அவுட்லைனர் என்ற வகைக் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. வரிகளைக் கிளை கிளையாக எழுதலாம், இப்போது வேண்டாத கிளையை மடக்கி வைக்கலாம், ஒரு கிளையை அதன் பிள்ளைக் கிளைகளோடு சேர்த்து வேறிடத்துக்கு நகர்த்தலாம்.

எந்த அவுட்லைனர் சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வசதிகளைப் பட்டியலிடுவதிலேயே முடிந்துவிடுகிறது: எதன் தோற்றம் அழகு, எதன் செல்பேசிச் செயலி வேகம், எதற்கு மாதம் எத்தனை டாலர். நிரலாளர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. எழுதியது எங்கே இருக்கிறது? பத்து ஆண்டு கழித்து அதைத் திறக்க முடியுமா? பக்கத்து மேசையில் இருப்பவர் புதிய கணக்கு எதுவும் தொடங்காமல் அதைப் படிக்க முடியுமா? மூன்றுக்கும் நல்ல பதில் தருவது வெறும் உரைக் கோப்புதான், அதுவும் நிரல் இருக்கும் அதே கோப்புறைக்குள் இருக்கும் கோப்பு. கருவியைத் தேர்வு செய்வது அதற்குப் பிறகு. இந்தக் கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த வரிசை ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாடு ஒன்றில் டக்ளஸ் எங்கெல்பார்ட் 90 நிமிடச் செயல்விளக்கம் ஒன்றைத் தந்தார். மவுஸை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி என்றே அது இன்று பேசப்படுகிறது. அன்று அவர் திரையில் செய்து காட்டியவற்றுள் ஒன்று, வீட்டுக்குச் சாமான் வாங்கும் பட்டியல். பொருட்களை வரிசையாகத் தட்டினார், வகை வகையாகப் பிரித்தார், தலைப்பு மட்டும் தெரியும்படி மடக்கினார், மீண்டும் விரித்தார். என்எல்எஸ் எனப்பட்ட அந்த அமைப்பில் எழுத்தெல்லாம் கிளைகளாகவே அமைந்திருந்தது. அமைப்பின் உள்ளே ஓடிய மென்பொருளை அவருடைய சகா ஜெஃப் ரூலிஃப்சன் அதே நிகழ்ச்சியில் விளக்கினார். அலுவலகக் குறிப்புகளும் நிரலும் ஒரே கிளை அமைப்புக்குள் வாழலாம் என்ற எண்ணம் அந்த மேடையிலேயே இருந்தது.

1971 ஏப்ரலில், பாஸ்கல் மொழியைத் தந்த நிக்லாஸ் விர்த் ஒரு கட்டுரை வெளியிட்டார். சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று வெட்டாதபடி நிறுத்தும் புதிரை எடுத்துக்கொண்டார். முதலில் தீர்வைச் சில வரிகளில் பொதுவாக எழுதினார். பிறகு ஒவ்வொரு வரியையும் உடைத்து, உடைத்ததை மேலும் உடைத்து, முழு நிரலாக வளர்த்துக் காட்டினார். கையால் போட்ட அவுட்லைன் அது. உடைக்கும் ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது, அது தவறு என்று தெரிந்தால் திரும்பி வந்து, தேவைப்பட்டால் உச்சி வரைக்கும் ஏறி வந்து, வேறு வழியில் இறங்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். கைக்குட்டைக் கணக்கில் நடந்தது அதுதான்.

சொந்தக் கணினிகள் வந்த பிறகு டேவ் வைனர் என்ற அமெரிக்க நிரலாளர் இந்தக் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தார். 1983இல் ஆப்பிள் 2 கணினிக்கு திங்க்டேங்க். 1986இல் மேக்கின்டாஷுக்கு மோர். பவர்பாயிண்ட் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே மோர் கிளைகளை எடுத்து, மேடையில் காட்டும் பக்கங்களாக அடுக்கித் தந்தது. 1987இல் அவருடைய லிவிங் வீடியோடெக்ஸ்ட் நிறுவனம் சிமாண்டெக்கின் கைக்குப் போனது. அடுத்து அவர் உருவாக்கிய ஃபிரான்டியரில் நிரலையே அவுட்லைனருக்குள்தான் எழுத வேண்டும். கிளையின் ஆழமே நிரலின் கட்டமைப்பாக இருந்தது. இவ்வளவு நல்ல கருவிகள். ஆனால் இன்று மோரை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் பழைய மேக்கின்டாஷ் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது அதைப் போல நடிக்கும் எமுலேட்டர் வேண்டும். 2000இல் வைனர் ஓபிஎம்எல் என்ற வடிவத்தை வெளியிட்டார். கிளைகளை எக்ஸ்எம்எல் உரையாக எழுதி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் வழி அது. பாட்காஸ்ட் சந்தாப் பட்டியல்கள் இன்றும் அந்த வடிவில்தான் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகின்றன. கருவிகளை விட வடிவத்துக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு அவர் வாழ்க்கைப் பணியே சாட்சி.

இனி இன்றைய கருவிகள். 2010இல் வந்த வொர்க்ஃப்ளோவி, இருப்பவற்றிலேயே லேசானது. மொத்தமும் ஒரே ஒரு பட்டியல். ஒரு வரிக்கு முன்னால் உள்ள புள்ளியைத் தட்டினால் அந்தக் கிளையே முழுப் பக்கமாகிவிடும். மேலே ஏறினால் பழைய இடம். கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது கூட வேண்டாம். யோசனை ஓட்டமாக வரும்போது கைக்கு இவ்வளவு இணங்கும் கருவி வேறில்லை என்றே சொல்லலாம். ஆனால் எழுதியது நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நிரல், ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உறவே கிடையாது. மார்ச் மாதம் எழுதிய நிரலுக்குப் பின்னால் அன்று என்ன யோசித்தார்கள் என்பதை ஆறு மாதம் கழித்து அங்கே தேடினால், திருத்தித் திருத்தி மாறிப்போன பட்டியல்தான் கிடைக்கும்.

2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோம் ரிசர்ச் என்ற இணையவழி அவுட்லைனர் மீது பெரிய மோகம் இருந்தது. மாதம் 15 டாலர் கொடுத்து வாங்கினார்கள். ஒரு வரியை எங்கே குறிப்பிட்டாலும் அந்த வரிக்கே போய்ச் சேரலாம், அங்கிருந்து குறிப்பிட்ட இடங்களுக்கெல்லாம் திரும்பலாம். ஆய்வாளர்களுக்கும் நூல் எழுதுவோருக்கும் அது கிடைத்தற்கரிய வசதி. நிரலாளருக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. அவர் செய்வது முடிவு தெரிந்த ஒரு வேலை. கிளைகளை உடைத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போக வேண்டும். இணைப்புகள் பெருகப் பெருக அடுத்து என்ன செய்வது என்பது மங்கத் தொடங்கும்.

அதே காலத்தில் வந்த லாக்சீக் திறந்த மூல மென்பொருள். மார்க்டவுன் அல்லது ஆர்க் என்ற எளிய உரை வடிவில் கோப்புகளைப் பயனர் கணினியிலேயே வைத்துக்கொள்ளும்படி தொடங்கியது. அதனால்தான் நிரலாளர்கள் அதை விரும்பினார்கள். பின்னர் அதை உருவாக்கியவர்கள் கோப்புகளுக்குப் பதில் தரவுத்தளத்தில் சேமிக்கும் பதிப்பில் உழைக்கத் தொடங்கியதும் பழைய பயனர் பலருக்குக் கவலை வந்தது. அந்தக் கவலை நியாயமானது.

அப்சிடியனின் கதை இன்னும் சுவையானது. எரிக்கா சூ, ஷிடா லீ இருவரும் முதலில் டைனலிஸ்ட் என்ற இணையவழி அவுட்லைனரை உருவாக்கியவர்கள். 2020இல் அவர்களே அப்சிடியனைக் கொண்டுவந்தபோது அது பயனரின் கணினியில் உள்ள ஒரு கோப்புறை நிறைய மார்க்டவுன் கோப்புகளின் மேல் உட்காரும் எடிட்டராக இருந்தது. நல்ல இணையவழி அவுட்லைனர் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர்களே அடுத்த கருவியைச் சாதாரணக் கோப்புகளின் மேல் கட்டினார்கள். முழுமையான அவுட்லைனர் என்று அப்சிடியனைச் சொல்ல முடியாது. பக்கப் பலகையில் தலைப்புகளின் வரிசை தெரியும்; பட்டியலுக்குள் இருக்கும் கிளைகளை லாவகமாக நகர்த்த வேண்டுமானால் தனிச் செருகுநிரல் போட வேண்டும். ஆனால் நாளை அப்சிடியன் இல்லாமல் போனாலும் கோப்புகள் இருக்கும், நோட்பேடில் கூடத் திறக்கும்.

“எங்கள் எடிட்டரிலேயே அவுட்லைன் இருக்கிறதே, வேறெதற்கு?” என்று கேட்கும் நிரலாளர்கள் நிறைய. விஎஸ் கோடின் பக்கப் பலகையில் அந்தப் பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட லாங்வேஜ் சர்வர் நெறிமுறை வந்த பிறகு ஏறக்குறைய எல்லா மொழிக்கும், எல்லா எடிட்டரிலும் அது கிடைக்கிறது. நிரலைப் படித்து, எந்த கிளாஸுக்குள் எந்த ஃபங்ஷன் என்று கிளையாகக் காட்டும். தினசரி வேலைக்கு அருமையான துணை. ஆனால் அது காட்டுவது எழுதி முடித்த நிரலின் வடிவத்தை. இன்னும் எழுதாதது அதில் இராது. தள்ளுபடியைப் பங்கிடும் ஃபங்ஷனின் பெயர் அதில் தெரியும். சமமாகப் பிரிக்கும் வழி ஏன் கைவிடப்பட்டது, பில் 2,000 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று கடை முதலாளி என்ன சொன்னார் என்பது எங்கேயும் தெரியாது. அடுத்த ஆண்டு அந்த நிரலைத் திருத்த வருபவருக்கு வேண்டியது அதுதான்.

அந்தக் குறையைத் தீர்க்க மிகத் துணிச்சலாக முயன்ற கருவி லியோ. எட்வர்ட் ரீம் 1990களின் நடுவில் தொடங்கிய திறந்த மூல எடிட்டர் இது, பைத்தானில் எழுதப்பட்டது. 1984இல் டொனால்டு நூத் முன்வைத்த ஒரு கருத்து இதற்கு ஊற்று: நிரலை மனிதர் படிக்கும் கட்டுரையாக எழுத வேண்டும், கணினிக்கு வேண்டிய வரிசைக்கு அதை மாற்றுவதை ஒரு கருவி பார்த்துக்கொள்ளட்டும். நூத் தம் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை அப்படித்தான் எழுதினார். அந்த நிரல் முழுவதும் 1986இல் புத்தகமாகவே வந்தது. ரீம் அந்தக் கருத்தை அவுட்லைனுக்குள் கொண்டுவந்தார். லியோவில் இடப்பக்கம் கிளைகள், வலப்பக்கம் அந்தக் கிளைக்கு உரிய எழுத்து. அந்த எழுத்து விளக்கமாகவும் இருக்கலாம், நிரலாகவும் இருக்கலாம். சேமிக்கும்போது நிரல் பகுதிகள் ஒன்றுசேர்ந்து தனிக் கோப்பாக வெளியே போகும்.

லியோவின் பெரிய பலம், குளோன். கிரெடிட் நோட்டின் தொடர் எண் பற்றிய கிளை ‘பொருள் திரும்பப் பெறுதல்’ என்பதற்குக் கீழேயும் வர வேண்டும், ‘மாதாந்திர வரி அறிக்கை’ என்பதற்குக் கீழேயும் வர வேண்டும். நகல் எடுத்தால் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடுவோம். குளோன் எடுத்தால் இரண்டிடத்திலும் இருப்பது ஒரே கிளை; எங்கே திருத்தினாலும் இரண்டிலும் மாறும். ஒரு பிழையைத் துரத்தும்போது, அதோடு தொடர்புள்ள ஃபங்ஷன்களை எல்லாம் நிரலின் பல மூலைகளிலிருந்தும் குளோன் எடுத்து ஒரே கிளைக்குக் கீழே அடுக்கலாம். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை அழித்துவிடலாம், மூல இடங்களில் எதுவும் கலையாது. பெரிய நிரலுக்குள் நுழைந்து தடுமாறியவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

அப்படியானால் லியோ ஏன் பரவவில்லை? குழுவாக வேலை செய்யும் இடத்தில் அது இடித்தது என்பது ஒரு முக்கியக் காரணம். எந்த வரி எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைக்க, நிரல் கோப்புக்குள் லியோ தன் அடையாள வரிகளைக் கமென்டாகத் தூவி வைக்கும். லியோ பயன்படுத்தாத சக நிரலாளர் அந்தக் கோப்பைத் திறந்தால் புரியாத வரிகள் கண்ணில் படும். பிற்பாடு அந்த வரிகள் இல்லாமலேயே கோப்பை எழுதி, வெளியில் நடந்த திருத்தங்களைத் தன் கிளைகளோடு பொருத்திக்கொள்ளும் வழியை ரீம் கொண்டுவந்தார். நல்ல தீர்வு. ஆனாலும் கிளைகளின் அமைப்பு லியோவின் சொந்தக் கோப்பில்தான் இருக்கிறது. தனியாக ஒரு பெரிய நிரலைச் சுமக்கும் ஒருவருக்கு லியோவைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஐந்து பேர் குழுவுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

ஆர்க் மோடு வேறு பாதையில் வந்தது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வானியல் ஆய்வாளராக இருந்த கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்த இதை எழுதினார். ஈமாக்ஸ் எடிட்டரில் ஏற்கெனவே இருந்த அவுட்லைன் மோடின் மேல் கட்டினார். 2007இல் வந்த ஈமாக்ஸ் 22 முதல் அது எடிட்டரோடு சேர்ந்தே வருகிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உள்தலைப்பு. இலக்கணம் ஏறக்குறைய அவ்வளவுதான். துணிக்கடை வேலை அதில் இப்படி இருக்கும்:

* பொருள் திரும்பப் பெறுதல்
** பழைய பில்லைத் தேடுதல்
** திரும்பிய பின் பில் 2,000க்குக் கீழே இறங்கினால்?
*** முதலாளி முடிவு: தள்ளுபடி செல்லும், பங்கை மட்டும் கழிக்கவும்
*** பங்கீடு
**** விலை விகிதப்படி
**** சமமாக: வேண்டாம், கைக்குட்டைக்கு மைனஸ் 50 வருகிறது
** கிரெடிட் நோட்டு
*** தொடர் எண் கடைக்கிளைக்கு ஒன்றா, மொத்தத்துக்கு ஒன்றா?

எந்தக் கணினியிலும், எந்த எடிட்டரிலும் இதைப் படிக்கலாம். ஈமாக்ஸில் திறந்தால் உயிர் வரும். டேப் விசையைத் தட்டினால் கிளை மடங்கும், மீண்டும் தட்டினால் விரியும். ஆல்ட் விசையோடு மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் ‘பங்கீடு’ தன் பிள்ளைகளோடு மேலே ஏறும், கீழே இறங்கும்; ஷிஃப்டையும் சேர்த்து வலது அம்புக்குறியை அழுத்தினால் இன்னொன்றின் உள்ளே போகும். செய்ய வேண்டியது, முடிந்தது என்று வரிக்கு வரி குறியிடலாம், தேதி போடலாம். கிளைக்குள் நிரல் துண்டை எழுதி அங்கேயே ஓட்டி விடையைப் பார்க்கலாம். கைக்குட்டைக் கணக்கை நான்கு வரி பைத்தானில் எழுதி, விடை சரிதானா என்று அதே இடத்தில் சோதிக்கலாம். எரிக் ஷுல்ட்டே, டான் டேவிசன் ஆகியோர் சேர்த்த இந்த வசதியின் பெயர் பேபல். 2012இல் புள்ளியியல் மென்பொருள் ஆய்விதழ் ஒன்றில் டொமினிக்கும் சேர்ந்து இதுபற்றிக் கட்டுரை எழுதினார்கள். நூத் விரும்பியபடி, அந்தத் துண்டுகளைச் சேர்த்து நிரல் கோப்பாக வெளியே அனுப்பவும் இதில் வழி உண்டு.

குறையும் பெரியதுதான். ஆர்க் மோடின் முழுப் பலமும் ஈமாக்ஸுக்குள் மட்டுமே கிடைக்கிறது. ஈமாக்ஸைப் பழகப் பல வாரம் பொறுமை வேண்டும். விஎஸ் கோடு செருகுநிரல்களும் நியோவிம் செருகுநிரலும் ஆர்க் கோப்பைத் திறந்து கணிசமான வேலை செய்யும், முழுமையாக அல்ல. ஒரு குழுவில் ஒருவர் ஈமாக்ஸ், மற்றவர்கள் விஎஸ் கோடு என்றால் மார்க்டவுனே சமரசம். 2004இல் ஜான் குருபர் வெளியிட்ட அந்த எளிய வடிவத்தை இன்று எல்லா நிரலாளரும் அறிவார்கள். கிளைகளை நகர்த்துவதில் அது ஆர்க் மோடுக்கு ஈடாகாது, ஆனால் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கிட் பயன்படுத்துவோருக்கு இங்கே ஒரு நுட்பம். மார்க்டவுன் பட்டியலில் ஒரு கிளையை இன்னொன்றின் உள்ளே தள்ளினால் அதன் எல்லா வரிகளின் முன்னும் இடைவெளி கூடும். கிட் எல்லாவற்றையும் மாறிய வரிகளாகக் காட்டும். இடைவெளியைப் பொருட்படுத்தாதே என்ற தெரிவோடு ஒப்பிட்டால் அந்த இரைச்சல் அடங்கிவிடும். ஆர்க் கோப்பில் மாறுவது நட்சத்திரங்களின் எண்ணிக்கை, அது இடைவெளி இல்லை என்பதால் அந்தத் தெரிவு உதவாது. ஆனால் தலைப்புக்குக் கீழே இருக்கும் விளக்கப் பத்திகள் இடது ஓரத்திலேயே இருப்பதால் அவை மாறாமல் நிற்கும். நீண்ட விளக்கங்கள் எழுதும் குழுவுக்கு ஆர்க், ஒற்றை வரிகளாக எழுதும் குழுவுக்கு மார்க்டவுன் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

நிரலோடு யோசனையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது வெறும் ஒழுங்குப் பித்தா? டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நிரலாக்கம் என்பது அடிப்படையில் ஒரு கோட்பாட்டை மனத்தில் கட்டுவது என்று வாதிட்டார். அந்தக் கோட்பாடு எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் நிரல் ஓடிக்கொண்டிருந்தாலும் அதைச் சரியாகத் திருத்த ஆள் இல்லாமல் போய்விடும். ஆவணங்களால் அந்தக் கோட்பாட்டை முழுக்கக் கடத்த முடியாது என்றே அவர் கருதினார். அவர் சொன்னதில் உண்மை அதிகம். ஆனாலும் ஊழியர்கள் இரண்டு மூன்று ஆண்டில் வேலை மாறும் துறையில், தலைக்குள் இருந்ததில் ஒரு பங்காவது அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டும். ‘சமமாக: வேண்டாம், கைக்குட்டைக்கு மைனஸ் 50 வருகிறது’ என்ற ஒற்றை வரி, புதிதாக வருபவர் அதே பள்ளத்தில் விழாமல் காக்கும்.

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இந்தத் தேவை கூடியிருக்கிறது. அவற்றில் பலவும் வேலையைத் தொடங்கும் முன் செய்யப்போவதைக் கிளைப் பட்டியலாக எழுதிக் காட்டி ஒப்புதல் கேட்கின்றன. கோப்புறையில் இருக்கும் கோப்புகளை அவை படிக்கும். நிரலாளரின் அவுட்லைன் அங்கே இருந்தால் அதையும் படித்துக்கொண்டு தொடங்கும். யாரோ ஒருவருடைய வொர்க்ஃப்ளோவி கணக்கில் இருந்தால் அது இருப்பதே தெரியாது. முதலாளி என்ன முடிவெடுத்தார் என்பதை எந்தக் கருவியாலும் ஊகிக்க முடியாது. எழுதி வைத்திருக்க வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது? தமிழில் யோசிப்பவர்கள் தமிழிலேயே எழுதலாம். மாறியின் பெயரும் ஃபங்ஷன் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். சென்னையிலும் கோவையிலும் கூடத்தில் தமிழில் விவாதித்துவிட்டு, திரைக்கு வந்ததும் அரைகுறை ஆங்கிலத்தில் இரண்டு சொல் எழுதி வைக்கும் பழக்கத்தால் இழப்பே அதிகம். வாடிக்கையாளர் சொன்ன நிபந்தனை தமிழில் நான்கு சொல்லில் அடங்கும் என்றால் அப்படியே இருக்கட்டும், வேறு மாநிலத்தவர் குழுவில் சேர்ந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம். நுட்பத் தடை சிறிது உண்டு: கறுப்புத் திரை டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும், கர்சர் தவறான இடத்தில் நிற்கும். சாளரத்தில் ஓடும் ஈமாக்ஸ், 2020இல் வந்த 27ஆம் பதிப்பு முதல் எழுத்துகளைச் சரியாகக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் நூலகத்தின் துணையோடு தமிழைச் சரியாகக் காட்டுகிறது. விஎஸ் கோடும் உலாவியில் ஓடும் கருவிகளும் அப்படியே.

பொறியியல் கல்லூரிகளிலிருந்து இது தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் கணினி ஆய்வகம் பார்த்த எவருக்கும் ரெக்கார்டு நோட்டு தெரியும்: நோக்கம், அல்காரிதம், நிரல், வெளியீடு, முடிவு. அல்காரிதம் என்ற பகுதியே ஓர் அவுட்லைன்தான். பெரும்பாலான மாணவர்கள் நிரல் ஓடிய பிறகு, அதைப் பார்த்து அல்காரிதத்தை எழுதுகிறார்கள், அல்லது முந்தைய ஆண்டு நோட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் எழுதுவதே குற்றம் என்று இல்லை. டேவிட் பார்னாஸும் பால் கிளமென்ட்ஸும் 1986இல் எழுதிய கட்டுரை, யாரும் நேர்கோட்டில் வடிவமைப்பதில்லை, ஆனால் அப்படி வடிவமைத்ததுபோல ஆவணத்தை எழுதி வைப்பது பயன் தரும் என்றே வாதிட்டது. கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பரிசீலித்துக் கைவிட்ட வழிகளையும், ஏன் கைவிட்டோம் என்பதையும் எழுத வேண்டும். ரெக்கார்டு நோட்டில் அதற்கு இடமே இல்லை. அதில் இருப்பது வென்ற வழி மட்டும்.

ஆய்வகத் தேர்வில் இதை மாற்றுவதற்குப் புதிய மென்பொருளும் வேண்டாம், நிதியும் வேண்டாம். நிரலைத் தொடுவதற்கு முன் முதல் அரைமணி நேரத்தில் ஓர் உரைக் கோப்பில் அவுட்லைன் எழுதி கிட்டில் சேர்க்கச் சொல்லலாம். நேரம் தானாகப் பதிவாகிவிடும். தேர்வின் நடுவில் மேற்பார்வையாளர் புதிதாக ஒரு நிபந்தனையைக் கொடுக்கலாம், கைக்குட்டையைத் திருப்பித் தந்ததைப் போல ஒன்று. மாணவர் அதை எந்தக் கிளைக்குக் கீழே வைக்கிறார், அதனால் எந்தக் கிளையை நகர்த்துகிறார், எதை வேண்டாம் என்று குறிக்கிறார் என்பதற்கு மதிப்பெண் தரலாம். வைவாவில் அந்தக் கோப்பைத் திறந்து வைத்தே கேள்வி கேட்கலாம்.